குழந்தையின் மூச்சுப் பாதையும் மயக்க மருத்துவமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் மயக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்க விழாக்களுக்கு மருத்துவர் ஒருவரை அழைத்தால், அவர் தூய்மையைப் பற்றியும் ஊட்ட உணவைப் பற்றியும் பேசிவிட்டு அமர்வது வழக்கம். நம் செயலாளர் அவர்கள், "நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றியே பேசுங்கள், பிள்ளைகள் அதைத்தான் கேட்டறிய வேண்டும்" என்று பணித்தார்கள். என் வேலை மயக்க மருத்துவம். அதிலும் ஒரு சிறு பகுதியை, அதாவது குழந்தையின் நுரையீரலிலோ மூச்சுக்குழலிலோ மருத்துவம் செய்ய நேரும்போது அக்குழந்தையின் மூச்சை எவ்வாறு காப்பாற்றுகிறோம் என்பதை மட்டும் இன்று எடுத்துக் கொள்கிறேன். இது நமக்கு எட்டாத பெரிய படிப்பு என்று எண்ண வேண்டா. இது தொடங்கும் இடம் நம் மல்லாட்டைக் கொல்லைதான்.

காஞ்சிபுரத்தைச் சுற்றிலும், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலும் வேர்க்கடலை விளைவதையும், அதைப் பிடுங்கி ஆயும் கூலி வேலையைப் பெரும்பாலும் நம் பெண்கள் செய்வதையும் நீங்கள் அறிவீர்கள். வீட்டில் விட ஆளில்லாத கைக்குழந்தையும் அவர்களுடன் கொல்லைக்கு வருகிறது. வரப்போரத்தில் அமர்ந்திருக்கும் குழந்தையின் கைக்குக் கடலை எட்டுகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைக்கு முன்பற்கள் இருக்கும். அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வந்திரா. கடலையைக் கடித்து உடைக்கத் தெரியும், அரைக்க இயலாது. அந்நேரம் அது சிரித்தாலும், அழுதாலும், ஓடி விழுந்தாலும் மூச்சை உள்ளே இழுக்கும். கடலைப் பருப்பு சோற்றுக் குழலுக்குப் போகாமல் காற்றுக் குழலுக்குள் இறங்கிவிடும். இதைத்தான் நம் முன்னோர் "புரை ஏறுதல்" என்றார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவதும் நம் வழக்கம். தண்ணீர் புரை ஏறினால் அதுவாகவே சரியாகும். கடலையோ புளியங்கொட்டையோ சீத்தாப்பழ விதையோ கருட சேவைக் கடையில் வாங்கிய ஊதலின் துண்டோ புரை ஏறினால் தட்டுவதால் தீராது.

முதலில் பிள்ளை மூச்சுத் திணறும், இருமும், முகம் கறுக்கும். பொருள் பெரியதாயிருந்து குரல்வளையிலேயே அடைத்துக் கொண்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். சிறியதாயிருந்தால் இன்னும் கீழே இறங்கி ஒரு பக்கத்துக் கிளைக்குழலில் தங்கும். வலப் பக்கத்துக் கிளை அகலமானதும் நேர்க் கோட்டில் இறங்குவதும் ஆகையால் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும். அங்கே தங்கியதும் இருமல் அடங்கிவிடும். இந்த அமைதிதான் மிகக் கொடியது. தாய், போயிற்று என்று ஆறுதல் கொள்கிறாள். உள்ளே கடலை ஈரத்தில் ஊறிப் பெருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் குழலின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. சில நாள்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சலும் இருமலும் இரைப்பும் வருகின்றன. பார்ப்பவர்கள் சளி என்கிறார்கள், ஆஸ்துமா என்கிறார்கள். நாள்பட்டால் காசநோயோ என்று ஐயுறுகிறார்கள். எக்ஸ்ரே படத்திலும் கடலை தெரியாது; உலோகமும் எலும்பும் தெரிவது போலக் கொட்டையும் பருப்பும் தெரிவதில்லை. ஒரு பக்க நுரையீரல் காற்றை வெளிவிட முடியாமல் உப்பியிருப்பதைக் கொண்டு தேர்ந்த கண்தான் ஊகிக்கும்.

இங்கே தொக்கம் எடுப்பதைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். பிள்ளை உண்ணாமல் சோர்ந்தாலோ, எதையாவது விழுங்கிவிட்டாலோ நம் வீடுகளில் முதலில் தொக்கம் எடுப்பவரிடம்தான் தூக்கிச் செல்கிறார்கள். அவர் வயிற்றைத் தடவி, ஊதியோ உறிஞ்சியோ, "இதுதான் சிக்கியிருந்தது" என்று ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுவார். நெஞ்சுக்குள் இருக்கும் கிளைக்குழலிலிருந்து ஒரு பொருளை வெளியிலிருந்து ஊதி எடுக்க எவராலும் இயலாது. துணுக்கைக் கண்ட தாய் மனநிறைவோடு வீடு திரும்புகிறாள். உள்ளே கடலை அப்படியே இருக்கிறது. அவரைப் பழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் ஆள் நெடுங்காலமாக அவர் ஒருவர்தான். ஆயினும் புரை ஏறிய பிள்ளையை அவரிடம் கொண்டு போகாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்துக்கு இரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். ஆறு வாரமாக இருமல். மூன்று இடங்களில் மருந்து வாங்கியாயிற்று. கேள்விகள் எல்லாம் முடிந்தபின் ஒரு செவிலியர் அந்தத் தாயைத் தனியே அமர்த்தி, "அம்மா, இந்த இருமல் எந்த நாளில், எந்த வேளையில் தொடங்கிற்று?" என்று கேட்டார். "மல்லாட்டை ஆயறப்ப புள்ளைக்குப் புரை ஏறிச்சும்மா. அன்னியிலேர்ந்துதான்" என்று அவள் சொன்னாள். மறுநாள் வலப் பக்கக் கிளைக்குழலிலிருந்து பாதிக் கடலைப் பருப்பு வெளிவந்தது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, முதலில் போன இடத்திலேயே சொல்லத் தொடங்கியதாகவும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அதட்டியதாகவும், பிறகு வாய் திறக்க அஞ்சியதாகவும் கூறினாள்.

பெரியோர்களே! பெரிய வீட்டார் முன்னிலையில் வாய் பொத்திக் கைகட்டி நின்று பேச வேண்டும் என்று நம் பாட்டன்மாரைப் பழக்கியிருந்தார்கள். நம் மூச்சுக் காற்றுகூட அவர்கள் மேல் படக்கூடாதாம். அந்தக் கை வாயிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்று நாம் மேடைகளில் சொல்கிறோம். மருத்துவர் அறையின் மேசைக்கு முன்னால் நம் பெண்களின் வாயை அது இன்னமும் பொத்திக் கொண்டிருப்பதை நான் பார்க்கிறேன். இந்த நோயில் எக்ஸ்ரேயைவிடத் தாயின் ஒரு வாக்கியத்துக்கு விலை அதிகம். "புரை ஏறிற்று, அதன் பிறகுதான் இருமல்" என்ற வாக்கியம் அது. அதைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். ஒருவர் கேளாவிட்டால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள்.

இனி அறுவை அரங்கத்துக்குள் வருவோம்.

குழந்தையைச் சிறிய அளவிலான பெரிய மனிதன் என்று கருதினால் மயக்க மருத்துவத்தில் உயிர்ச்சேதம் நேரும். பெரியவர் உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறார். கைக்குழந்தை 6 முதல் 8 மில்லிலிட்டர் செலவிடுகிறது. செலவு இரு மடங்கு; நுரையீரலில் இருப்பில் உள்ள காற்றோ குறைவு. எனவே மூச்சு நின்றால் பெரியவருக்குக் கிடைக்கும் கால அவகாசம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. தலை பெரிது, நாக்கு பெரிது, குரல்வளை கழுத்தில் மேலே இருக்கிறது. மயங்கியவுடன் நாக்கே வழியை அடைத்துவிடும்.

பள்ளியில் இயற்பியல் படிப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். குழல் ஒன்றில் சீராகக் காற்று ஓடும்போது ஏற்படும் தடை, குழலின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். பெரியவர் ஒருவரின் 8 மில்லிமீட்டர் வழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் 6 மில்லிமீட்டர் மிஞ்சும்; தடை மூன்று மடங்காகும், தொண்டை கரகரக்கும், அவ்வளவே. குழந்தையின் 4 மில்லிமீட்டர் வழியில் அதே வீக்கம் வந்தால் 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். தடை பதினாறு மடங்காகும். ஆகவே குழந்தையின் குரல்வளையை ஒரு முறை முரட்டுத்தனமாகத் தொட்டாலும் அதற்குரிய விலை உண்டு. மூச்சுக்குழலில் செலுத்தும் குழாயின் அளவுக்கும் எளிய கணக்கு இருக்கிறது: இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டினால், காற்றுப்பை இல்லாத குழாயின் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். நான்கு வயதுக்கு 5. ஆனாலும் அரை அளவு பெரியதும் அரை அளவு சிறியதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கொண்டுதான் தொடங்குவோம்.

இத்துறை இந்நிலையை அடைந்த வரலாறு துயரமும் உழைப்பும் கலந்தது. 1846 அக்டோபர் 16இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் மக்கள் முன் செய்து காட்டப்பெற்றது. மறு ஆண்டே குளோரோஃபார்ம் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மிலேயே இறந்து போனாள். மயக்கம் கொடுப்பது எடுபிடி வேலை அன்று, தனிக் கல்வி என்பதை உலகம் உணர இத்தகைய சாவுகள் பல வேண்டியிருந்தன. 1897இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் என்பவர் ஒரு மனிதரின் கிளைக்குழலிலிருந்து எலும்புத் துண்டொன்றை உலோகக் குழாய் வழியாகப் பார்த்து எடுத்தார். அவரைத் தொடர்ந்து அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் இக்கலையை வளர்த்தார். அவர் எடுத்த ஊசிகள், பொத்தான்கள், நாணயங்கள், கொட்டைகள் என 2,374 பொருள்கள் பிலடெல்பியா நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளன. குழந்தைகளுக்கு அவர் பெரும்பாலும் மயக்கமே கொடுக்கவில்லை. துணியில் சுற்றி, அசையாமல் பிடித்துக் கொள்ளச் செய்து எடுத்தார். அக்காலத்து மயக்க மருந்தைவிட அதுவே பாதுகாப்பு என்று அவர் கருதினார். அவர் கருத்து அன்று பிழையில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் இருவரை நம் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். பிளவுபட்ட உதட்டுடனும் அண்ணத்துடனும் பிறந்த பிலிப் அயர் என்ற ஆங்கிலேய மயக்க மருத்துவர், அதே குறையுடன் பிறந்த குழந்தைகளின் அறுவைக்காக 1937இல் வால்வு ஏதுமில்லாத ஒரு சிறு 'டி' வடிவக் குழாயை அமைத்தார். ஜாக்சன் ரீஸ் என்பவர் 1950இல் அதன் வாலில் திறந்த முனையுள்ள ஒரு சிறு பையை இணைத்தார். இன்றும் குழந்தைகளுக்கு மயக்கம் தரும் அரங்குகளில் அந்தப் பையைக் காணலாம். குழந்தையின் மூச்சு அப்பை வழியாக மயக்க மருத்துவரின் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. நுரையீரல் இறுகுவதை எந்தக் கருவியும் காட்டுமுன் கை உணர்ந்துவிடும். மற்றொருவர் ஹரால்ட் ஹாப்கின்ஸ். இலண்டனின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்து உதவித் தொகையால் படித்து இயற்பியல் அறிஞர் ஆனவர். அவர் வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லை, 1960களில் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனத்தாரால் கருவியாக வந்தபின், பென்சிலைவிட மெல்லிய குழாய்க்குள்ளும் நுரையீரலின் உட்புறம் பகல் போலத் தெரியலாயிற்று.

கடலையை எடுக்கும் நாளில் நடப்பது இதுதான். முகமூடி வழியாகச் செவோஃப்ளூரேன் என்ற ஆவி மருந்தைப் பிராணவாயுவுடன் கொடுத்துப் பிள்ளையைத் தானே மூச்சு விட்டவாறே உறங்கச் செய்கிறோம். குரல் நாண்களின் மேல் லிக்னோகேன் மருந்தைத் தெளிக்கிறோம். இல்லாவிட்டால் கருவி பட்டதும் அவை இறுக மூடிக் கொள்ளும். பிறகு அறுவை மருத்துவர் உலோகக் குழாயை உள்ளே செலுத்துகிறார். அந்த நொடியிலிருந்து அவருக்கும் எனக்கும் வழி ஒன்றே. ஒரே கிணற்றில் இருவர் தண்ணீர் சேந்துவது போல, அவர் குழாயின் வாயில் இடுக்கியை விடுகிறார். நான் அக்குழாயின் பக்கத் துளையில் என் பையை இணைத்து மூச்சைச் செலுத்துகிறேன். தொலைநோக்கி உள்ளே இருக்கும்போது காற்று செல்லும் இடம் மேலும் குறுகுகிறது. பிராணவாயு அளவு இறங்கினால் நான் "நிறுத்துங்கள்" என்பேன். எவ்வளவு பெரிய அறுவை மருத்துவரானாலும் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கருவியைப் பின்னிழுத்துக் காத்திருப்பார். அரங்கத்தில் நம் சொல்லுக்கு உள்ள இந்த மதிப்பை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அச்சம் மிகுந்த நேரம், பிடித்த கடலை குரல் நாண்களைத் தாண்டி வெளிவரும் நேரம். இடுக்கியிலிருந்து அது நழுவி மூச்சுக்குழலின் நடுவில் நின்றுவிட்டால் இரு நுரையீரலுக்கும் வழி அடைபட்டுப் போகும். வெளியே எடுக்க இயலவில்லையா? அதை மறுபடியும் கீழே, முன்பிருந்த கிளைக்குழலுக்குள்ளேயே தள்ளிவிட வேண்டும். ஒரு பக்கமாவது மூச்சு விடட்டும்; பிள்ளை தேறியபின் திரும்பவும் எடுக்கலாம். இதைக் கேட்கும் பெற்றோருக்கு வியப்பாயிருக்கும். வெளியே எடுக்க வந்தவர்கள் உள்ளே தள்ளுவதா என்பார்கள். அந்தத் தருணத்தில் உயிர் காக்கும் செயல் அதுதான். எடுத்து முடிந்தபின் வீக்கத்தைக் குறைக்க மருந்து கொடுத்துப் பெரும்பாலும் ஓர் இரவாவது கண்காணிப்பில் வைக்கிறோம். காரணம், முன் சொன்ன பதினாறு மடங்குக் கணக்கு.

விரலில் மாட்டும் பிராணவாயு அளவியைப் பற்றி ஓர் இடைச்செருகல். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974இல் இதன் கொள்கையை வெளியிட்டார். மயக்க மருத்துவத்தில் இதைவிட அதிக உயிர்களைக் காத்த கருவி இருக்குமா என்பது எனக்கு ஐயமே. ஆனால் 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் உண்மையான குறைவை இது கண்டுபிடிக்காமல் விடுவது வெள்ளையரிடம் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. கறுத்த தோலில் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். நம் நாட்டில் கறுப்பு எந்த ஒரு சாதிக்கும் உரிய நிறம் அன்று; எனினும் எம் போன்றோர் எண்ணை மட்டும் நம்பாமல் பிள்ளையின் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டினால் மார்பைத் திறந்தோ சிறு துளையிட்டோ எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு பக்க நுரையீரலை ஓய்வில் வைத்து மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடச் செய்கிறோம். பெரியவர்களுக்கு இதற்கென இரட்டைக் குழாய் உண்டு. ஏறத்தாழ எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது நுழையாது. நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயால் ஒரு கிளையை அடைக்கிறோம். அறுவைக்காக நோயுற்ற பக்கத்தை மேலே வைத்துச் சாய்த்துப் படுக்க வைக்கும்போது பெரியவருக்குக் கீழே உள்ள நல்ல நுரையீரலுக்கு இரத்தம் கூடுதலாய்ப் பாய்ந்து நன்மை செய்கிறது. கைக்குழந்தைக்கோ விலாக்கூடு மென்மையானது. கீழே இருக்கும் நல்ல நுரையீரலே நசுங்குகிறது. ஒரே படுக்கை நிலை ஒருவருக்கு நன்மையும் மற்றவருக்குத் தீமையும் செய்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவைக்கு முன் பிள்ளையைப் பட்டினி போடச் சொன்னால், அழுகிறதே என்று இரக்கப்பட்டு மறைவாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுகிறீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நேரே நுரையீரலுக்குள் போகும். திட உணவுக்கும் மாட்டுப் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொது விதி. சில இடங்களில் தண்ணீருக்கு ஒரு மணி நேரமே போதும் என்கிறார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டாலும் மறைக்காதீர்கள். யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. நாங்கள் அதற்கேற்ப முறையை மாற்றிக் கொள்வோம். ஒப்புதல் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மயக்க மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை.

செலவுக்கு அஞ்சி வீட்டில் வைத்திருக்க வேண்டா. 1965இல் தொடங்கிய செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அருகில் உள்ளது. எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசின் குழந்தைகள் நல நிலையம் இருக்கிறது. 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பலர் வீட்டில் பெட்டியின் அடியில் கிடக்கிறது, அதை எடுத்து வையுங்கள்.

இளைஞர்களுக்கு. அண்ணல் அம்பேத்கர் பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே மாண்டனர். 1926இல் தம் செல்ல மகன் இராஜரத்னாவைப் புதைத்தவர் அவர். நம் வீடுகளில் பிள்ளை சாவதை விதி என்று சொல்லிப் பழகிய காலம் அது. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டுகள் படித்தால் மயக்கவியலில் எம்.டி. பட்டம் பெறலாம். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. எல்லாரும் மருத்துவர் ஆக இயலாது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்கு அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பப் படிப்புகள் இருக்கின்றன. பொறியை ஆயத்தம் செய்து, சரியான அளவுக் குழாயைச் சரியான நொடியில் என் கையில் வைக்கும் அந்தத் தொழில்நுட்பர் இல்லாமல் நான் ஒரு குழந்தையையும் தொடத் துணியமாட்டேன். நம் பெண் பிள்ளைகள் இப்படிப்புக்கு வர வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. தறியில் கோர்வை பிடித்துப் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளின் விரல்களுக்கு இவ்வேலை கடினமாயிராது.

கடைசியாக, இந்த மேசையில் இரண்டு பொம்மைகளை வைத்திருக்கிறேன். புரை ஏறிய பிள்ளை பலமாக இருமிக் கொண்டிருந்தால் இரும விடுங்கள், ஊர்திக்குச் சொல்லுங்கள். இருமவும் அழவும் குரலின்றித் திணறினால், ஓராண்டுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழக் குப்புறக் கையில் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு இடையில் ஐந்து முறை தட்டுங்கள்; பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் மீது ஐந்து முறை அழுத்துங்கள். ஓராண்டு கடந்த பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம். பொருள் வெளிவரும் வரை, அல்லது பிள்ளை இருமவோ அழவோ தொடங்கும் வரை, இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள். நினைவிழந்து துவண்டால் தரையில் மல்லாத்திக் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அதையும் பொம்மையில் காட்டுகிறேன். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள். அது இன்னும் கீழே போகும். சொல்லிக் கேட்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது நன்று. பத்துப் பத்துப் பேராக மேடைக்கு அருகில் வாருங்கள், தாய்மார்கள் முதலில் வரட்டும்.